ஆப்டமர் தேர்வு எளிதென்றால் மருந்துகள் ஏன் இரண்டே?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இப்படி வரும்: "ஆப்டமர்களை எந்த மூலக்கூறுக்கு எதிராகவும் சோதனைக் குழாயிலேயே தேர்ந்தெடுக்கலாம், விலங்குகள் தேவையில்லை, உடலின் எதிர்ப்புப் புரதமான ஆன்டிபாடியைவிட மலிவு என்று முதுகலையில் படித்தோம். முறை 1990இலேயே வந்துவிட்டது. பிறகு ஏன் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஆப்டமர் மருந்துகள் இரண்டோடு நிற்கின்றன? முனைவர் பட்டத்துக்கு இதை எடுக்கலாமா?" இதற்குள் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. தேர்வு முறை உண்மையில் வேலை செய்கிறதா? தேர்ந்து வந்த மூலக்கூறு நாம் நினைத்ததைத்தான் பிடிக்கிறதா? பிடிக்கிற மூலக்கூறு மருந்தாகுமா? பாடநூல்கள் முதல் கேள்விக்கு 'ஆம்' என்று சொல்லிவிட்டு, மற்ற இரண்டையும் அந்த 'ஆம்' நிழலிலேயே கடந்துவிடுகின்றன. நான் பல ஆண்டுகளாகத் தேர்வுப் பணியில் இருப்பவன். நோயாளிகளிடம் நடக்கும் மருந்துப் பரிசோதனைகளில் பங்கெடுத்தவன் அல்லன். ஆகவே முதல் இரண்டுக்கும் கைப்பழக்கத்தில் இருந்தும், மூன்றாவதற்கு வெளியான தரவுகளை வைத்தும் பதில் சொல்கிறேன்.

மற்றவர்களும் படிக்கக்கூடும் என்பதால் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். ஆப்டமர் என்பது ஒற்றை இழை டிஎன்ஏ அல்லது ஆர்என்ஏ துண்டு. தன் எழுத்து வரிசைக்கு ஏற்ப ஒரு வடிவத்தில் மடிந்து, ஒரு குறிப்பிட்ட புரதத்தையோ சிறு மூலக்கூறையோ பற்றிக்கொள்ளும். எந்த வரிசை பற்றும் என்று முன்கூட்டி யாருக்கும் தெரியாது. அதனால் கோடிக்கணக்கான தற்செயல் வரிசைகளை இலக்கோடு கலந்து, பற்றாதவற்றைக் கழுவி எறிந்து, பற்றியவற்றை டிஎன்ஏவைப் பிரதியெடுக்கும் பிசிஆர் முறையில் பெருக்கி, மீண்டும் இலக்கோடு கலக்கிறோம். இந்தச் சுழற்சிக்குப் பெயர் செலெக்ஸ். கொலராடோவில் கிரெய்க் டியூர்க்கும் லாரி கோல்டும், பாஸ்டனில் ஆண்ட்ரூ எலிங்டனும் ஜாக் சோஸ்டாக்கும் 1990இல் தனித்தனியே இதை வெளியிட்டார்கள். கோல்டின் குழு எடுத்துக்கொண்டது டி4 வைரஸின் டிஎன்ஏ பாலிமரேஸ் புரதம். அது தன் சொந்தத் தூது ஆர்என்ஏவில் உள்ள ஒரு கொண்டை வளைவைப் பற்றும். அந்த வளைவின் எட்டு எழுத்துகளை மட்டும் தற்செயலாக்கினால் 65,536 வரிசைகள் வரும். அத்தனையிலும் இருந்து கடைசியில் ஓங்கி நின்றவை இரண்டு. ஒன்று, இயற்கையில் இருக்கும் அதே வரிசை. மற்றொன்று அதிலிருந்து நான்கு இடங்களில் மாறுபட்டது. ஆனாலும் ஏறக்குறைய அதே வலுவோடு பற்றியது. இயற்கையின் விடையைக் கண்டுபிடித்துக் கொடுத்ததோடு, இயற்கை பயன்படுத்தாத இன்னொரு விடையையும் அந்த முறை எடுத்துக் காட்டியது. உங்கள் முதல் கேள்விக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. முறை வேலை செய்கிறது, அதில் ஐயமில்லை.

எட்டு எழுத்துகளில் எல்லா வாய்ப்புகளையும் பார்த்துவிடலாம். இன்று வழக்கமாக 40 எழுத்துகளைத் தற்செயலாக்குகிறோம். அங்கே கணக்கு வேறு. நான்கை நாற்பது முறை பெருக்கினால் ஒன்றுக்குப் பின் 24 சுழியங்கள் போடும் அளவுக்கு எண் வரும். பிரதியெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு இழைகளான பிரைமர்கள் ஒட்டும் பகுதிகளையும் இரு பக்கமும் சேர்த்து 80 எழுத்து நீளம் என்று வையுங்கள். ஒவ்வொரு வரிசையிலும் ஒரே ஒரு பிரதி வைத்திருக்கவே சுமார் 50 கிலோ டிஎன்ஏ வேண்டும். நாம் குழாயில் போடுவது ஒரு நானோமோல், அதாவது ஏறத்தாழ ஆறு கோடி கோடி மூலக்கூறுகள். இருக்கக்கூடிய வரிசைகளில் 200 கோடியில் ஒன்றைத்தான் பார்க்கிறோம். 'எல்லா வடிவங்களும் தொகுப்பில் இருக்கின்றன' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனாலும் இது போதுமானதாக இருக்கிறது, ஏனென்றால் ஒரே வேலையைச் செய்யும் வரிசைகள் பல உண்டு. எலிங்டனும் சோஸ்டாக்கும் சாயப் பொருள்களை இலக்காக வைத்தபோது, ஏறக்குறைய ஆயிரம் கோடியில் ஒரு ஆர்என்ஏ பற்றும் என்று கணித்தார்கள். அந்த விகிதத்தில் நம் குழாயில் அறுபதாயிரம் இருக்கும். தேடுவது நடக்காத காரியம் அல்ல.

நடைமுறையில் வெற்றியைத் தீர்மானிப்பது, கழுவிய பிறகும் வெறுமனே ஒட்டிக்கொண்டு நிற்கும் குப்பையின் அளவு. நல்ல வரிசைகளில் பாதி தங்குகிறது, குப்பையில் நூற்றில் ஒன்று தங்குகிறது என்றால், ஒவ்வொரு சுற்றிலும் நல்லதின் பங்கு 50 மடங்கு கூடும். ஆயிரம் கோடியில் ஒன்று ஆறு சுற்றுகளில் மேலே வந்துவிடும். குப்பை பத்து விழுக்காடு தங்கினால் 14 சுற்றுக்கு மேல் ஆகும். அதற்குள் பிசிஆர் வேறு கதை எழுதிவிடும். இலக்குப் புரதத்தைப் பெரும்பாலும் காந்த மணிகளில் பூட்டித்தான் வைக்கிறோம். அந்த மணியின் மேற்பரப்பு, அதில் பூசியிருக்கும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதம், புரதத்தில் நாம் ஒட்டவைத்த ஹிஸ்டிடின் வால் எல்லாமே இலக்குகள்தான். டிஎன்ஏவுக்கு நம் நோக்கம் தெரியாது. ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் தொகுப்பை முதலில் வெறும் மணிகளோடு கலந்து, அவற்றை ஒட்டுபவற்றை நீக்கிவிட்டுத்தான் உண்மையான இலக்குக்குப் போக வேண்டும். முதல் சுற்றில் மட்டும் கை தாராளமாக இருக்கட்டும். அப்போது ஒவ்வொரு வரிசையும் ஒரே பிரதியாக இருக்கும். கடுமையாகக் கழுவி ஒன்றை இழந்தால் அது திரும்ப வராது. புதிதாகச் சேருபவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதல் சுற்றில் ஆர்வக் கோளாறில் பத்து முறை கழுவுவார்கள், எட்டாம் சுற்றில் சலிப்பில் இரண்டு முறை.

பிசிஆர் பற்றி ஆய்வுக் கட்டுரையின் முறைகள் பகுதியில் ஒரு வரிதான் எழுதுவோம். மேசையில் பாதி உழைப்பு அதற்கே போகும். சாதாரண பிசிஆரில் ஒரே வரிசை பெருகுகிறது. இங்கே லட்சக்கணக்கான வெவ்வேறு வரிசைகள் ஒரே குழாயில் பெருகுகின்றன. சுழற்சிகள் கூடக்கூட பிரைமர்கள் தீர்ந்துபோக, இழைகள் ஒன்றையொன்று பிரைமராகப் பிடித்துக்கொண்டு நீளத் தொடங்கும். ஆகவே முழு அளவில் பெருக்கும் முன் ஒரு சிறு குழாயில் முன்னோட்டம் பார்க்கிறோம். 6, 8, 10, 12 சுழற்சிகளில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, இழைகளை நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டினால், எட்டில் 80 எழுத்து உயரத்தில் ஒரே கூர்மையான பட்டை தெரியும். பன்னிரண்டில் அதற்கு மேலே ஏணிப்படி போல மங்கலான பட்டைகள் எழும். அந்த ஏணி தெரிவதற்கு முன் நிறுத்திவிட வேண்டும். எத்தனை சுழற்சி என்பது சுற்றுக்குச் சுற்று மாறும், சென்ற முறை எட்டு என்பதால் இம்முறையும் எட்டு என்று வைக்க முடியாது. அதன் பிறகு இரட்டை இழையில் இருந்து ஒற்றை இழையைப் பிரிக்க வேண்டும். ஸ்ட்ரெப்டாவிடினோடு இறுக ஒட்டும் பயோட்டினைப் பூட்டிய இழையை ஸ்ட்ரெப்டாவிடின் மணியில் நிறுத்தி, சோடியம் ஹைட்ராக்சைடால் மற்ற இழையைக் கழற்றுவது பரவலான வழி. காரம் அதிகமானால் மணியில் இருந்து கொஞ்சம் ஸ்ட்ரெப்டாவிடினும் கழன்று வந்துவிடும். அதுவும் அடுத்த சுற்றுக்குள் நுழைந்து தனக்கென ஆப்டமர்களைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும்.

இதையெல்லாம் சரியாகச் செய்தால் முறை எவ்வளவு நுட்பமாக இருக்கும் என்பதற்கு நான் எப்போதும் காட்டுவது தியோஃபிலின் ஆப்டமர். ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் தியோஃபிலினும் நாம் குடிக்கும் காபியில் உள்ள காஃபீனும் ஒரே ஒரு மெத்தில் தொகுதியில் வேறுபடுகின்றன. தியோஃபிலினின் சரியான அளவுக்கும் நச்சு அளவுக்கும் இடைவெளி குறைவு என்பதால் இரத்தத்தில் அதை அளக்க வேண்டிய தேவை இருந்தது. 1994இல் வெளியான ஆய்வில், தியோஃபிலினைப் பற்றிய ஆர்என்ஏக்களைக் காஃபீன் கரைசலால் கழுவினார்கள். காஃபீனுக்கும் மயங்கிய வரிசைகள் கழன்று ஓடின. மிஞ்சியவற்றில் இருந்து எடுத்த ஆப்டமர் காஃபீனைவிடத் தியோஃபிலினைப் பத்தாயிரம் மடங்கு வலுவாகப் பற்றியது. இந்தத் துல்லியம் தானாக வந்ததல்ல. காஃபீனை வைத்துக் கழுவியதால் வந்தது. வேறொன்றை வைத்துக் கழுவியிருந்தால் வேறொன்று வந்திருக்கும். இதே விதி, அமிலத்தன்மையை நிலையாக வைக்கும் பஃபர் கரைசலுக்கும் பொருந்தும். மக்னீசியம் உள்ள கரைசலில் தேர்ந்தெடுத்த ஆப்டமரை, மக்னீசியம் சேர்க்காத வழக்கமான பாஸ்பேட் கரைசலில் போட்டுவிட்டு 'பற்றவில்லையே' என்று கேட்பவர்கள் உண்டு. அந்த மடிப்பைத் தாங்கி நின்ற அயனியே அங்கு இல்லை.

அடுத்து, 'எந்த மூலக்கூறுக்கு எதிராகவும்' என்ற வாசகம். இது மிகை. டிஎன்ஏ முழுவதும் எதிர்மின்சுமை கொண்டது. நேர்மின்சுமைத் திட்டுகள் உள்ள புரதங்கள் எளிதாக மாட்டும். எதிர்மின்சுமை மிகுந்தவை மிகவும் அடம்பிடிக்கும். இரத்த உறைதலில் பங்குபெறும் த்ராம்பினில் இப்படி இரண்டு திட்டுகள் இருக்கின்றன, இரண்டுக்கும் தனித்தனி ஆப்டமர்கள் உண்டு. 1992இல் வந்த 15 எழுத்துத் த்ராம்பின் ஆப்டமர், நான்கு குவானின்கள் சதுரமாக அடுக்கும் அழகான கட்டமைப்பு. அதன் புண்ணியத்தில் உலகில் பாதி உணரி ஆய்வுகள் த்ராம்பினையே மாதிரியாக வைத்து எழுதப்படுகின்றன. அந்த உணரியில் நாளை வேறு புரதத்தை வைத்தாலும் இதே அளவு வேலை செய்யும் என்று முடிவுரையில் எழுதுவது வழக்கம். இலக்காக ஒரு த்ராம்பின் கிடைப்பது எவ்வளவு அதிர்ஷ்டம் என்பதை அந்த முடிவுரைகள் சொல்வதில்லை. இன்னொரு குறை, புரதங்களில் இருக்கும் 20 பக்கச் சங்கிலிகளுக்கு எதிரே நமக்கு நான்கு எழுத்துகள்தான். அவற்றில் எண்ணெய்த் தன்மையுள்ள பகுதி மிகக் குறைவு. கோல்ட் பின்னர் தொடங்கிய சோமாலாஜிக் நிறுவனம் யுரிடினின் ஐந்தாம் இடத்தில் பென்சைல், நாஃப்தைல் போன்ற தொகுதிகளைப் பூட்டி இதைச் சரிசெய்தது. முன்பு மசியாத பல புரதங்களுக்கு அப்படித்தான் ஆப்டமர் கிடைத்தது. இன்று அவர்கள் உருவாக்கிய சோமாஸ்கேன் என்ற சோதனை ஒரு சிறு இரத்த மாதிரியில் பல ஆயிரம் புரதங்களை அளக்கிறது. ஆப்டமர்கள் வேலைக்கு வந்த இடம் எது என்று கேட்டால், மருந்துகளைவிட இதைத்தான் முதலில் சொல்வேன். அதிலும் ஒரு கேள்வி திறந்தே இருக்கிறது. ஆன்டிபாடிகளைக் கொண்டு அளக்கும் ஓலிங்க் முறையோடு ஒப்பிட்டவர்கள், பல புரதங்களில் இரண்டும் ஒத்துப்போவதையும், கணிசமானவற்றில் ஒத்துப்போகாததையும் கண்டிருக்கிறார்கள். ஒவ்வாதவற்றில் எது சரி என்று ஒவ்வொரு புரதமாகத்தான் பார்க்க வேண்டும்.

இனி இரண்டாவது கேள்வி; என் கவலை முழுவதும் இதில்தான். தேர்ந்து வந்தது உண்மையில் பற்றுகிறதா? வங்காள டெல்டாவின் நிலத்தடி நீரில் ஆர்சனிக் இருப்பது எல்லோருக்கும் தெரியும். கிராமத்தில் வைத்தே சோதிக்க மலிவான உணரி வேண்டும் என்ற தேவை நியாயமானது. 2009இல் ஆர்சனிக்கைப் பற்றும் டிஎன்ஏ ஆப்டமர் என்று ஒன்று வெளியானது. அதை வைத்து அடுக்கடுக்காக உணரிகள் வந்தன. அவற்றில் பல தங்க நானோதுகள்களின் நிறமாற்றத்தை நம்பியவை. துகள்களின் மேல் டிஎன்ஏ படிந்திருந்தால் உப்பு சேர்த்தாலும் கரைசல் சிவப்பாகவே இருக்கும். இலக்கு வந்து டிஎன்ஏவை இழுத்துக்கொண்டு போனால் துகள்கள் திரண்டு நீலமாகும். பார்க்க அருமையான சோதனை. ஆனால் ஆர்சனைட் தானே தங்கத்தின் மேல் வலுவாகப் படியக்கூடியது. நிறம் மாறியதற்குக் காரணம் ஆப்டமரா, தங்கமா? 2019இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜுவென் லியுவின் குழு, தங்கம் இல்லாமல், கரைசலில் பிணைப்பின்போது வெளிப்படும் வெப்பத்தை அளக்கும் முறை உட்படப் பல வழிகளில் சோதித்தது. அந்த டிஎன்ஏ ஆர்சனிக்கைப் பற்றவில்லை. சம்பந்தமில்லாத வேறு டிஎன்ஏக்களும் அதே மாதிரிதான் நடந்துகொண்டன. அடுத்த ஆண்டே பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் குழு, ஆம்பிசிலினுக்கு என்று புழக்கத்தில் இருந்த ஆப்டமர்களை நிறை நிறமாலை, அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு என்று பல கருவிகளில் வைத்துப் பார்த்து, அவையும் பற்றவில்லை என்று எழுதியது.

இதை மோசடி என்று நான் சொல்லவில்லை. சிறு மூலக்கூறுகளில் இந்தச் சறுக்கலுக்கு வேதியியல் காரணம் இருக்கிறது. ஆம்பிசிலின் போன்ற சின்ன மூலக்கூறை மணியில் பூட்ட வேண்டும் என்றால், அதன் ஒரு கையை இணைப்புக்குக் கொடுத்துவிடுகிறோம். டிஎன்ஏ பார்ப்பது மீதி உடலையும் இணைப்புச் சங்கிலியையும் சேர்த்துத்தான். தனியாகக் கரைசலில் மிதக்கும் மூலக்கூறை அது அடையாளம் காணாமல் போகலாம். இதற்காகவே இப்போது பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்: டிஎன்ஏ தொகுப்பை ஓர் இணையிழையால் மணியில் கட்டிவைத்து, இலக்கைக் கட்டற்றதாக உள்ளே விடுகிறார்கள். இலக்கைப் பற்றி வடிவம் மாறும் வரிசை மட்டும் கட்டு அவிழ்ந்து வெளியே வரும். சிறு மூலக்கூறு இலக்கு என்றால் இன்று இதைத்தான் பரிந்துரைப்பேன். மற்றொரு பொறி, வரிசைப்படுத்தும் கருவி தரும் பட்டியல். கடைசிச் சுற்றில் அதிகம் காணப்படும் வரிசைதான் சிறந்தது என்று எடுத்துக்கொள்வது இயல்பு. பிசிஆரில் வேகமாகப் பெருகும் வரிசையும் அதே போல்தான் மேலே வரும். எத்தனை பிரதிகள் என்பதைவிட, மூன்றாம் சுற்றில் இருந்து ஆறாம் சுற்றுக்கு எத்தனை மடங்கு கூடியது என்பதும், இலக்கு இல்லாமல் ஓட்டிய இணைத் தேர்விலும் அதே அளவு கூடியதா என்பதும் அதிகம் சொல்லும்.

மருந்துகள் விஷயம். முதலாவது பெகாப்டனிப், 2004 டிசம்பரில் அமெரிக்க அனுமதி பெற்றது. முதுமையில் வரும் ஈரவகை மாக்குலா (விழித்திரையின் மையப் பகுதி) சிதைவுக்குக் கண்ணுக்குள் ஊசியாகப் போடுவது. இரண்டாவது அவாசின்காப்டட், 2023 ஆகஸ்டில், அதுவும் கண்ணுக்குத்தான். இரண்டும் கண்ணில் போய் நின்றது தற்செயல் அல்ல என்பது என் கருத்து. மாற்றம் செய்யாத ஆர்என்ஏவை இரத்தத்தில் உள்ள நொதிகள் நிமிடங்களில் துண்டாக்கிவிடும். தப்பியதும் அளவில் சிறியது என்பதால் சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றிவிடும். நொதியில் இருந்து காக்க சர்க்கரையின் இரண்டாம் இடத்தில் ஃபுளோரினும் மெத்தாக்சியும் வைக்கிறார்கள். வடிகட்டலில் இருந்து காக்க பாலிஎத்திலீன் கிளைகால் என்ற நீண்ட பாலிமர் வாலைப் பூட்டுகிறார்கள். 27 எழுத்துகள் கொண்ட பெகாப்டனிபின் எடையில் பெரும்பகுதி, 40 கிலோடால்டன் உள்ள அந்த வால்தான். கண் ஒரு மூடிய அறை போன்ற இடம், கொஞ்சம் மருந்து வாரக்கணக்கில் தங்கும்.

அப்படியும் பெகாப்டனிபின் ஆயுள் குறுகியதாகத்தான் இருந்தது. இரத்தநாள வளர்ச்சிக் காரணியான விஇஜிஎஃப்பின் பல வடிவங்களில் 165 என்ற ஒன்றை மட்டும் அது துல்லியமாகப் பிடித்தது. 2006இல் வந்த ஆன்டிபாடித் துண்டான ரானிபிசுமாப் எல்லா வடிவங்களையும் பிடித்தது. பெகாப்டனிப் பார்வை குறைவதை மெதுவாக்கியது என்றால், ரானிபிசுமாப் சராசரிப் பார்வையை மேம்படுத்தியது. மருத்துவர்கள் எதற்கு மாறினார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. இரத்த ஓட்டத்துக்குள் போக முயன்றவற்றில் மிக அழகானது பெக்னிவாகோஜின். உறைதல் காரணி 9ஐத் தடுக்கும் இந்த ஆப்டமருக்கு ஒரு மாற்று மருந்தும் உண்டு. அதன் இணையிழையை ஊசியாகப் போட்டால் இரண்டும் சேர்ந்து மடிப்பு கலைந்து தடை நீங்கிவிடும். ஆன்டிபாடியில் நினைத்துப் பார்க்கக்கூட முடியாத வசதி அது. இதய நாளங்களைத் திறக்கும் சிகிச்சையில் நடந்த பெரிய பரிசோதனை, கடுமையான ஒவ்வாமை எதிர்விளைவுகளால் 2014இல் நிறுத்தப்பட்டது. பாதிக்கப்பட்டவர்களின் இரத்தத்தில் பாலிஎத்திலீன் கிளைகாலுக்கு எதிரான ஆன்டிபாடிகள் முன்பே இருந்ததைப் பின்னர் வந்த ஆய்வு காட்டியது. குறை ஆப்டமரின் எழுத்துகளில் இல்லை, நாம் பூட்டிய வாலில் இருந்தது. ஆனால் ஒழுங்குமுறை அமைப்புகளும் முதலீட்டாளர்களும் அந்த நுணுக்கத்துக்காகக் காத்திருப்பதில்லை.

இதோடு வணிகக் காரணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1975இல் கோஹ்லரும் மில்ஸ்டைனும் ஒற்றைவகை ஆன்டிபாடி முறையை வெளியிட்டபோது அதற்குக் காப்புரிமை எடுக்கப்படவில்லை. உலகம் முழுக்க அதை எடுத்து ஓடியது. செலெக்ஸின் முதன்மைக் காப்புரிமைகள் நெடுங்காலம் சில நிறுவனங்களின் கையிலேயே இருந்தன. இது வளர்ச்சியை எவ்வளவு தாமதப்படுத்தியது என்பதில் துறைக்குள் கருத்து வேறுபாடு உண்டு. முக்கியமான காரணம் என்று சிலர் சொல்வார்கள்; வேதியியல் தடைகளே பெரியவை என்பது என் எண்ணம்.

முனைவர் பட்டத்துக்கு எடுக்கலாமா என்றால், எடுக்கலாம். ஆனால் வழிகாட்டியிடம் சேருவதற்கு முன் சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். இலக்குப் புரதம் தூய்மையாக, போதுமான அளவில், தன் இயல்பான மடிப்போடு கிடைக்குமா? ஏனென்றால் தேர்வு தோற்கும் இடங்களில் கணிசமானவை அங்கேயே தொடங்குகின்றன. பிணைப்பை அளக்க, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு முறைகளாவது அந்த ஆய்வகத்திலோ பக்கத்திலோ உண்டா? தங்கத் துகள் நிறமாற்றத்தை அந்த இரண்டில் ஒன்றாகக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஆப்டமரின் அதே எழுத்துகளைக் கலைத்து அடுக்கிய வரிசையைக் கட்டுப்பாடாக வைக்க அவர்கள் வழக்கமாக ஆர்டர் கொடுக்கிறார்களா? கடைசியில் எந்தத் திரவத்தில் பயன்படுத்தப் போகிறீர்கள் என்பதும் முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். சிறுநீரில் அளக்க வேண்டும் என்றால் இடைச் சுற்றுகளிலேயே நீர்த்த சிறுநீரைச் சேர்த்துத் தேர்ந்தெடுங்கள். சுத்தமான பஃபரில் தேர்ந்தெடுத்துவிட்டுக் கடைசி ஆண்டில் சிறுநீருக்குப் போனால், மக்னீசியம், உப்பு, யூரியா எல்லாம் மாறி, மூன்று ஆண்டு வேலையை முதல் சுற்றில் இருந்து மறுபடி தொடங்க வேண்டிவரும்.